நிறுத்தச் சொல்லும் வேலை யாருடையது? சேலத்து வீடொன்றின் ஓராண்டுப் பொழுதுபோக்குக் கணக்கு

ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கெழுதும் எவருக்கும் மாதம் 1-ஆம் தேதி பிறப்பதில்லை. 7-ஆம் தேதிக்குள் டி.டி.எஸ். எனப்படும், பணம் கொடுக்கும்போதே பிடித்துவைத்த வரித் தொகையைக் கட்டியாக வேண்டும். 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20-ஆம் தேதிக்குள் 3பி என்று ஜி.எஸ்.டி. படிவத் தாக்கல்கள் வரிசை கட்டி நிற்கும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர்களும் ஆத்தூர் சாலை ஜவ்வரிசி ஆலைக்காரர்களும் கெடு நெருங்கிய பிறகே பில் கட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள் என்பதால், 20-ஆம் தேதி இரவு எல்லாவற்றையும் ஏற்றி முடித்த பிறகுதான் எனக்கு வீட்டு நினைவே முழுதாகத் திரும்பும். அதற்கு மறுநாள், பழைய பேரேடு ஒன்றின் மீந்த பக்கங்களில், கழிந்த மாதத்தில் எங்கள் வீட்டில் எதைப் பார்த்தோம், எதைக் கேட்டோம், எதைப் படித்தோம், எதை விளையாடினோம், அதற்கு எவ்வளவு செலவாயிற்று என்று எழுதி வைப்பதை ஓராண்டுக்கும் மேலாக வழக்கமாக வைத்திருக்கிறேன். அந்தக் குறிப்புகளைப் பார்த்துத்தான் இந்த அனுபவத்தைப் பகிர்கிறேன்.

வீட்டைப் பற்றிச் சிறிது சொல்லிவிட வேண்டும். அம்மாபேட்டையில் மாடி வீடு. கீழ்த்தளத்தில் குடித்தனம் வைத்திருக்கிறோம். கணவருக்கு உருக்காலையில் ஷிப்ட் வேலை. அவர் இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில் உறங்கும் வாரங்களில் வீட்டில் பாத்திரம் விழும் ஓசைகூடக் கேட்கக் கூடாது. மாமியார் எங்களுடன் இருக்கிறார். மகள் ஏழாம் வகுப்பும் மகன் நான்காம் வகுப்பும் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். நான் அலுவலகத்திலிருந்து திரும்ப ஏழு மணி ஆகும்; மாதத்தின் நடுவில் எட்டரைகூட ஆகும். எனவே எங்கள் வீட்டில் எந்தப் பொழுதுபோக்கும் பெரும்பாலும் நான் இல்லாதபோது தொடங்கி, நான் வந்த பிறகு முடிகிறது. இந்த ஒரு நிலைமையை மனத்தில் கொண்டு படித்தால்தான் கீழே வரும் மதிப்பீடுகள் விளங்கும்.

தொடக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் நேராக ‘நன்று’, ‘சுமார்’, ‘வேண்டாம்’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். சில மாதங்களில் அந்தச் சொற்களால் பயன் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. ஏனென்றால், ‘நன்று’ என்று எழுதிய நிகழ்ச்சியைப் பார்த்த இரவில்தான் வீட்டில் அழுகை மிகுதியாக இருந்திருக்கிறது. அதன்பின் ஒரே ஒரு கேள்விக்கான விடையை மட்டும் எழுதத் தொடங்கினேன்: அதை நிறுத்தியது யார்? தானாக முடிந்ததா, கருவி நிறுத்தியதா, குழந்தையே எழுந்து போனதா, அல்லது நான் போய் நிறுத்தச் சொன்னேனா? வேலைக்குப் போகும் தாய் குழந்தைகளோடு கழிக்கக் கிடைக்கும் இரண்டு மூன்று மணி நேரத்தில் அரை மணி நேரத்தை ‘போதும், அணை’ என்று சொல்வதிலேயே கழிக்க நேர்ந்தால், அந்தப் பொழுதுபோக்கு எவ்வளவு தரமானதாக இருந்தாலும் வீட்டுக்கு நட்டக் கணக்குதான் என்பது என் முடிவு.

அந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் ஓ.டி.டி. தளங்களே மிகவும் கீழே போகின்றன. படங்களும் தொடர்களும் மோசம் என்பதனால் இதைச் சொல்லவில்லை. மகள் பார்த்த சில அறிவியல் தொடர்களை நானும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சிக்கல் எங்கே இருக்கிறது என்றால், ஒரு பகுதி முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கும் அந்த நொடியில், எழுந்து போகலாமா என்று குழந்தை யோசிப்பதற்குள், அடுத்த பகுதி தானாகவே தொடங்கிவிடுகிறது. கதையில் ஒரு நல்ல இடத்தில் நிறுத்தியிருந்தால் சண்டை இல்லை. அடுத்த கதையின் முதல் காட்சியில் நிறுத்தச் சொன்னால் எந்தக் குழந்தையும் முறைக்கத்தான் செய்யும். இந்தத் தானியங்கி ஓட்டத்தை நிறுத்தி வைக்க முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நெட்ஃபிளிக்ஸில் ஒவ்வொருவரின் சுயவிவரத்துக்கும் உரிய பிளேபேக் அமைப்பில் அடுத்த பகுதி தானாக ஓடுவதை அணைத்து வைக்கலாம். ஆனால் ஒருவருடைய சுயவிவரத்தில் அணைத்தால் மற்றவருடையதில் அணையாது என்பதைக் கவனிக்க வேண்டும். யூடியூபிலும் இதற்கான பொத்தான் காணொளியின் மேலேயே இருக்கிறது. எங்கள் வீட்டில் இதை அணைத்த மாதத்திலிருந்து குறிப்பேட்டில் ‘நான் நிறுத்தச் சொன்னேன்’ என்ற வரிகள் கண்கூடாகக் குறைந்திருக்கின்றன. பணம் செலவில்லாமல் கிடைத்த பெரிய பயன் இந்த ஒன்றுதான்.

குறுங்காணொளிகளுக்கு இந்த மருந்து எடுபடாது. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருப்பதற்கு முடிவு என்று ஒன்றை யார் எங்கே வைப்பது? அவற்றைக் குழந்தைகளின் கைக்குத் தருவதில்லை என்று நானும் கணவரும் முடிவு செய்துவிட்டோம். அதற்கு மேல் அதில் ஆராய ஒன்றும் இல்லை.

மகனுக்கு டேப்லெட்டில் குழந்தைகளுக்கான காணொளிச் செயலி ஒன்றைப் போட்டு, அதில் நேரக் கட்டுப்பாடும் வைத்தோம். குறித்த நிமிடங்கள் ஆனதும் செயலி தானே பூட்டிக்கொள்ளும். முதல் வாரங்களில் இதைவிட நல்ல ஏற்பாடு உலகத்திலேயே இல்லை என்று தோன்றியது. நிறுத்தச் சொல்லும் வேலையைக் கருவியே எடுத்துக்கொண்டது, நான் சமையலறையிலிருந்து வரக்கூட வேண்டியிருக்கவில்லை. ஆனால் பெற்றோருக்கான அந்தப் பூட்டு, நாம் தனியாகக் கடவு எண் வைக்காவிட்டால், ஒரு பெருக்கல் கணக்கைக் கேட்கும். விடையைச் சரியாகத் தட்டினால் நீங்கள்தான் பெற்றோர் என்று நம்பித் திறந்துவிடும். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் வாய்ப்பாட்டைக் கரைத்துக் குடித்திருந்த பையன் எட்டேழு ஐம்பத்தாறு என்று சொல்லிக்கொண்டே அதைத் திறப்பதை மாமியார் பார்த்திருக்கிறார். கணக்குப் பாடம் படிக்கிறான் என்று நினைத்து மகிழ்ந்து எனக்குத் தொலைபேசியில் சொல்லவும் செய்தார். அன்று மாலையே சொந்தக் கடவு எண்ணை வைத்தேன். அது முதல் பூட்டு உறுதியாக நிற்கிறது. ஆனால் பூட்டு விழுந்ததும் அவன் என்னிடம் வந்து நின்று, இன்னும் பத்தே நிமிடம் என்று கேட்கத் தொடங்கினான். கருவி நிறுத்தினாலும் அதைத் திறக்கும் சாவி என் கையில் இருப்பது அவனுக்குத் தெரியும் அல்லவா? எனவே குறிப்பேட்டில் இதற்குப் பாதி மதிப்பெண்தான்.

இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல், இரண்டு முதல் ஐந்து வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்றும், ஐந்து முதல் பத்து வயது வரை இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மகனின் வயதுக்கு அந்த அளவை நாங்கள் ஏறக்குறையக் கடைப்பிடிக்கிறோம். ஆயினும் அளவைச் சொல்வது எளிது, கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு யார் நிற்பது என்பதே வீட்டில் எழும் கேள்வி. மாலை நான்கரை முதல் ஏழு வரை அந்தக் கடிகாரம் அறுபத்தெட்டு வயது மாமியாரின் கையில் இருக்கிறது. பேரன் மடியில் வந்து படுத்துக்கொண்டால் அது ஓடுவதில்லை.

மாமியாருடைய பொழுதுபோக்கு தொலைக்காட்சித் தொடர்கள். இவற்றைக் கேலி செய்யாத படித்த பெண் யாரும் இல்லை. எனக்கும் அவற்றின் கதைகளில் பெரிய மதிப்பு கிடையாது. ஒரு கன்னத்து அறையை மூன்று கோணங்களில் மூன்று முறை காட்டுவதைச் சோறு வடித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். ஆனால் என் கேள்விக்கு அவை அளிக்கும் விடை வியப்பாக இருக்கிறது. தொடர் அரை மணி நேரத்தில் முடிகிறது. எவ்வளவு கெஞ்சினாலும் அடுத்த பகுதி நாளை மாலைதான். விளம்பர இடைவேளையில் அத்தை எழுந்து கீரை ஆய்ந்து வைக்கிறார், குடிநீர்க் குடத்தை நிரப்புகிறார், மகளின் சடையைப் பின்னி முடிக்கிறார். அடுத்து என்ன நடக்கும் என்று அவரும் மகளும் பேசிக்கொள்ள ஒரு முழு நாள் இருக்கிறது. ஒரே இரவில் பத்துப் பகுதிகளைப் பார்த்து முடிப்பவர்களுக்கு அந்தப் பேச்சு வாய்ப்பதில்லை. கதைத் தரத்துக்குக் குறைந்த மதிப்பெண்ணும் வீட்டு ஒழுங்குக்கு மிக நல்ல மதிப்பெண்ணும் பெற்ற ஒரே இனம் இதுதான்.

எனக்கென்று உள்ள பொழுதுபோக்கு காதால் கேட்பது மட்டுமே. காலையில் சமையலறை அலமாரியின் மேலே வானொலி. தருமபுரி வானொலியின் பண்பலை இங்கே நன்றாகவே எடுக்கும். செய்தி தொடங்கினால் குக்கரை இறக்க வேண்டும், திரைப்பாடல் தொடங்கினால் பிள்ளைகளைக் குளிக்க அனுப்ப வேண்டும் என்று நிகழ்ச்சிகளே எனக்குக் கடிகாரமாக இருக்கின்றன. மாலையில் நகரப் பேருந்தில் காதில் மாட்டிக்கொண்டு ஒலிப் புத்தகம் கேட்கிறேன். 2021-ஆம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதிலிருந்து, ஸ்கூட்டரை வீட்டில் விட்டுவிட்டு அம்மாபேட்டைக்கும் ஐந்து ரோட்டுக்கும் இடையே பேருந்தில்தான் போய் வருகிறேன். பெட்ரோல் மிச்சமானதை எல்லோரும் சொல்வார்கள். நான் அதைவிடப் பெரிதாகக் கருதுவது, இரண்டு கைகளும் கண்களும் ஓய்ந்திருக்க, ஒருவர் எனக்குக் கதை சொல்லும் அந்த நேரத்தைத்தான். நிறுத்தம் வந்தால் கதையும் நிற்கிறது. வரலாற்று நாவல் ஒன்றின் நீண்ட பாகத்தை இப்படித் தவணை முறையில் கேட்டு முடிக்க மழைக்காலம் முழுதும் ஆயிற்று. குறை என்றால், பழைய பேருந்து நிலையத்தை நெருங்கும்போது ஹாரன் ஓசையில் கதாபாத்திரங்களின் பெயர்கள் காணாமல் போய்விடுகின்றன. சில அத்தியாயங்களில் யார் யாரைக் கொன்றார் என்பதே எனக்கு இன்றுவரை உறுதியில்லை.

நூலகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாவட்ட மைய நூலகத்தில் குழந்தைகள் இருவரையும் உறுப்பினராக்கினோம். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் ஆண்டுதோறும் கட்டுகிறோம். கட்டிய வரிக்குப் பயன் எடுத்துக்கொள்வோமே என்ற கணக்கர் புத்திதான் முதலில் என்னை அங்கே அழைத்துச் சென்றது. புத்தகத்துக்குத் தானாகவே முடிவு உண்டு. அது மட்டுமன்றிக் கடைசிப் பக்கத்தில் திருப்பித் தர வேண்டிய தேதியும் குத்தப்பட்டிருக்கிறது. பள்ளியில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்குத் தரும் ‘தேன்சிட்டு’ இதழை மகள் கொண்டுவந்தால், மகன் அதில் படங்களை மட்டும் முதலில் பார்த்து முடித்துவிடுவான். படக்கதை வந்த வாரம் வாசிப்பு மிகுதி, தேர்வு வாரத்தில் சுழியம் என்று ஏற்ற இறக்கமாகத்தான் போகிறது. இதைப் பெரிய வெற்றியாகக் காட்ட விரும்பவில்லை.

எங்கள் குறிப்பேட்டில் ஆண்டு முழுவதும் தொடர்ந்து மேலே நின்றது கேரம் பலகை. இது நான் எதிர்பார்த்ததில்லை. கணவர் திருமணத்துக்கு முன் வாங்கிய பலகை பீரோவுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது. கோடை விடுமுறையில் வெள்ளையடிக்கப் பீரோவை நகர்த்தியபோது வெளியே வந்தது. ஒன்பது கறுப்பு, ஒன்பது வெள்ளை, ஒரு சிவப்பு. ஒருவருடைய காய்கள் அனைத்தும் குழிக்குள் போனால் ஆட்டம் முடிந்தது. எங்கள் வீட்டின் வேகத்தில் அதற்கு அரை மணி நேரம் ஆகும். இன்னொரு ஆட்டம் வேண்டுமென்றால் பத்தொன்பது காய்களையும் பொறுக்கி நடுவில் மறுபடி அடுக்க வேண்டும். அந்த அடுக்கும் வேலையில்தான் இதன் சிறப்பே இருக்கிறது என்று கருதுகிறேன்; அடுத்த ஆட்டத்துக்குப் போவதற்குள் ஒவ்வொருவருக்கும் தம் கால் மரத்துப்போயிருப்பதும், பசிப்பதும், நாளைக்கு வீட்டுப்பாடம் இருப்பதும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. திரை அந்த இடைவெளியைத்தான் எடுத்துக்கொண்டது.

அத்தை இதில் நுழைந்த விதத்தைச் சொல்லாமல் விட முடியாது. தொடரின் விளம்பர இடைவேளையில் தண்ணீர் குடிக்க எழுந்தவர், மகன் மூன்று முறை தவறவிட்ட சிவப்புக் காயைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, ஸ்ட்ரைக்கரைத் தம் பக்கக் கோட்டில் வைத்து, சுட்டுவிரலை மடக்கிக் கட்டைவிரலால் தள்ளினார். சிவப்பு மூலையில் சென்று விழுந்தது. ‘ஆயா, ஃபாலோ போடணும், இல்லேன்னா ரெட்டு திரும்ப வந்துடும்’ என்று மகன் சொன்னான். ‘அதெல்லாம் உங்க தாத்தாகிட்டயே கத்துக்கிட்டேன், தள்ளு’ என்று சொல்லி அடுத்த காயையும் போட்டுவிட்டுத் தொடர் பார்க்கப் போய்விட்டார். கல்யாணமாகி வந்த இத்தனை ஆண்டுகளில் அவர் கேரம் ஆடுவார் என்பது எனக்கும் தெரியாது, அவர் மகனுக்கும் தெரியாது. அதன்பின் இரவு ஒன்பதரை மணி ஆட்டத்தில் அவருக்கு ஓர் இடம் நிலையாகிவிட்டது.

பலகையின் குறைகளையும் பதிவு செய்கிறேன். தரையில் உட்கார்ந்து ஆடினால் மாமியாருக்கு முழங்கால் ஒத்துக்கொள்வதில்லை. உணவு மேசையின் மேல் வைத்தால் மகனுக்கு எட்டுவதில்லை. இரண்டு முக்காலிகளின் மேல் வைத்து ஒருவாறு சமாளிக்கிறோம். போரிக் பவுடரை மிகுதியாகப் போட்டால் காய் வழுக்கும், தரையும் வழுக்கும். அதைப் பெருக்கும் வேலை யாருடையது என்பதில் இன்னும் உடன்பாடு எட்டப்படவில்லை. கணவர் பகலில் உறங்கும் வாரத்தில் பலகையைத் தொடவே முடியாது. மாடியில் ஆடும் ஓசை கீழ்வீட்டுக் குடித்தனத்துக்குத் தொல்லையாகக் கூடாது என்பதற்காகக் கால்களுக்கு அடியில் பழைய போர்வையை மடித்துப் போடுகிறோம்.

பழைய விளையாட்டு என்பதாலேயே எல்லாம் உயர்வு என்று சொல்லவும் நான் தயாராக இல்லை. அத்தையின் பல்லாங்குழியையும் அதே கோடையில் இறக்கினோம். பதினான்கு குழிகள், குழிக்கு ஐந்து புளியங்கொட்டைகள் என்று அழகாகத்தான் தொடங்கும். ஆனால் தோற்றவர் தம்மிடம் மிஞ்சிய கொட்டைகளை வைத்து நிரம்பிய குழிகளோடு அடுத்த சுற்றை ஆடலாம் என்பதால், ஆட்டம் மூன்றாம் நாள்வரைகூட நீண்டுவிடுகிறது. விடுமுறை நாளின் பகலுக்கு அது பொருத்தம். பள்ளி நாள் இரவுக்குப் பொருந்தாது.

திரையரங்குக்கு நாங்கள் அரிதாகவே போகிறோம். நான்கைந்து பேருக்கான டிக்கெட்டும் இடைவேளைப் பாப்கார்னும் சேர்ந்தால் ஒரு மாதக் காய்கறிச் செலவில் பாதி போய்விடும். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. என்பது என் கண்ணில் படாமல் இருக்காது, வணிகர்களைப் போல, கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் இன்புட் கிரெடிட் எடுக்க எங்கள் வீட்டுக்கு வழியும் இல்லை. எனினும் திரையரங்கில் விளக்கு எரிந்தால் படம் முடிந்தது. யாரும் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. பெற்றோருக்குப் பயன்படும் ஒரு செய்தியை இங்கே சொல்லிவிடுகிறேன். 2023-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத் திருத்தத்தின்படி, முன்பு பொதுவாக யு/ஏ என்று இருந்த சான்றிதழ் இப்போது 7, 13, 16 ஆகிய வயது எல்லைகளோடு மூன்றாகப் பிரிந்திருக்கிறது. நான்காம் வகுப்புப் பையனையும் ஏழாம் வகுப்புப் பெண்ணையும் ஒன்றாக அழைத்துப் போகும் வீட்டுக்கு இந்தப் பிரிவு உண்மையாகவே உதவுகிறது. ஓ.டி.டி. தளங்களிலும் இதே வயது எல்லைகள் 2021-ஆம் ஆண்டு விதிகளின் மூலம் வந்துவிட்டன. படத்தின் தொடக்கத்தில் மேல் மூலையில் தெரியும், பார்ப்பதற்குள் மறைந்துவிடும்.

ஏற்காடு எங்களுக்குச் சுற்றுலாத் தலம் இல்லை. 20-ஆம் தேதி கழிந்த ஞாயிற்றுக்கிழமையில் கணவருக்கும் விடுப்பு அமைந்தால், காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் ஓர் ஏற்பாடு. சேலத்திலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர்தான். போகும் வழியிலேயே மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு கண்ணில் படும். டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய அந்தப் படப்பிடிப்பு நிலையத்திலிருந்துதான் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் 1956-இல் வெளிவந்தது என்று அத்தை ஒவ்வொரு முறையும் சொல்வார். அந்தப் படத்தை வீட்டில் பார்த்தபோது மகன் பாட்டுகளை ரிமோட்டால் ஓட்டிவிட முயன்றதும், ‘பாட்டை ஓட்டிட்டா படத்துல என்னடா மிச்சம்?’ என்று அத்தை ரிமோட்டை வாங்கித் தம் மடியில் வைத்துக்கொண்டதும் அந்த மாதக் குறிப்பில் இருக்கின்றன.

அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. மொத்தம் இருபது, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருப்பதால் பிள்ளைகள் இருவரும் உரக்க எண்ணிக்கொண்டே வருவார்கள். மகனுக்கு வழக்கமாக வயிற்றைப் புரட்டும். புறப்படுவதற்கு முன் வயிறு முட்டச் சாப்பிடாமல் இருப்பதும், பேருந்தின் முன்பகுதியில் சாளரத்தோரமாக அமர்ந்து தொலைவில் பார்வையை வைப்பதும், கையில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்திருப்பதும் போதுமானதாக இருக்கின்றன. கைப்பேசியில் விளையாடிக்கொண்டே ஏறினால் தலைசுற்றல் உறுதி. கண் அசையாத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்க உடல் மட்டும் வளைவுகளில் சாய்வதால் வரும் குழப்பம் அது. எனவே பேருந்தில் திரையைத் தொடக்கூடாது என்பதை நான் சொல்ல வேண்டியதே இல்லை, மலையே சொல்லிவிடுகிறது.

மேலே என்ன செய்கிறோம் என்றால், பெரிதாக ஒன்றும் இல்லை. மார்ச், ஏப்ரலில் கோடை மழை ஒன்று பெய்துவிட்டால் காப்பித் தோட்டங்கள் வெள்ளையாகப் பூத்து மல்லிகை போல மணக்கும். அந்தப் பூ சில நாள்களே நிற்கும் என்பதால் எல்லா ஆண்டும் வாய்ப்பதில்லை, இந்த ஆண்டு வாய்த்தது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருப்பதை மகளுக்குக் காட்டினோம்; அவள் அதுவரை மிளகு செடியில் காய்ப்பது என்று நினைத்திருந்தாள். ஏரியில் மிதிபடகு எடுத்தால், நேரம் முடிந்ததும் படகுத்துறையில் இருப்பவர் கையசைத்துக் கூப்பிட்டுவிடுவார். மகன் அவரிடம் இன்னும் பத்து நிமிடம் என்று கேட்டதே இல்லை என்பதை நான் கவனித்து எழுதி வைத்திருக்கிறேன். பின்பு மிளகாய் பஜ்ஜி, லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்தைப் பார்த்து நம் வீடு எந்தப் பக்கம் என்று ஒரு வாக்குவாதம், அவ்வளவுதான். சேர்வராயன் கோயில் வரை போவது அத்தை வந்தால் மட்டும். மே மாதக் கோடை விழாவின்போது நாங்கள் ஏறுவதில்லை. மலர்க் கண்காட்சியைப் பார்க்கும் ஆசை பிள்ளைகளுக்கு உண்டு என்றாலும், அந்தக் கூட்டத்தில் ஊர்ந்து ஏறும் பேருந்தில் இருபது வளைவுகளையும் எண்ணி முடிக்கும் பொறுமை எனக்கில்லை. கார்த்திகை, மார்கழிப் பனியில் போவதையே பரிந்துரைப்பேன். கம்பளிச் சட்டை கட்டாயம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலத்து வெயிலை நம்பி மெல்லிய உடையில் போனால் மாலையில் நடுங்க வேண்டியதுதான்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண்டுச் சந்தா மாதச் சந்தாவைவிட மலிவு என்று எல்லாத் தளங்களும் காட்டும், கணக்கும் சரிதான். ஆனால் எங்கள் குறிப்பின்படி, நாங்கள் உண்மையாகப் பார்த்தது விடுமுறை மாதங்களில் மட்டுமே. மற்ற மாதங்களில் பெயருக்குத்தான் இருந்தது. ஜூலை மாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 31-ஆம் தேதி வருமான வரிக் கணக்குக்குக் கெடு. அதே சமயத்தில் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு ஊரே தயாராகிக்கொண்டிருக்கும். நான் அலுவலகத்தில், பிள்ளைகள் ஆயாவோடு கோயிலிலும் தட்டுவடை செட் கடையிலும். அந்த மாதம் எங்கள் வீட்டில் எந்தத் தளத்தையும் யாரும் திறக்கவில்லை, சந்தா மட்டும் போயிற்று. எனவே இப்போது மாதச் சந்தாவாக, அதுவும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு தளம் என்று மாற்றிக்கொண்டோம். தானாகப் பணம் எடுக்கும் அனுமதியைக் கொடுத்திருந்தால், எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கியிலிருந்து அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று ஒதுக்கிவிடாமல் படித்தால் வேண்டாததை அன்றே நிறுத்திவிடலாம். யு.பி.ஐ. செயலிக்குள் ‘ஆட்டோபே’ என்ற பகுதியில் நாம் மறந்துபோன அனுமதிகள் எல்லாம் வரிசையாக இருக்கும். மாதம் ஒருமுறை அதைத் திறந்து பாருங்கள்.

யாருக்கு இந்த ஏற்பாடு பொருந்தும் என்றால், மாலையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு பெரியவர் இருந்து, தாயோ தந்தையோ இரவில்தான் வந்து சேரும் குடும்பங்களுக்குப் பொருந்தும். இருவரும் வேலைக்குப் போய், வீட்டில் பெரியவர்களும் இல்லாமல், பிள்ளைகள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தாமே கதவைத் திறந்து நுழையும் வீடுகளில் கேரம் பலகையால் என்ன செய்ய முடியும்? அங்கே கருவியின் நேரப் பூட்டைத்தான் நம்ப வேண்டியிருக்கும். அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் அலுவலகத் தோழி ஒருவர் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது, நன்றாகவும் நடக்கிறது. அவருடைய மகளுக்குக் கடவு எண்ணைக் கேட்டு நச்சரிக்கும் பழக்கம் இல்லை.

அடுத்து வரும் செப்டம்பர்தான் எனக்குக் கவலை. 30-ஆம் தேதிக்குள் வரித் தணிக்கை அறிக்கைகளை முடிக்க வேண்டும். சரியாக அந்தக் கடைசி வாரத்தில் காலாண்டுத் தேர்வு விடுமுறை விடுவார்கள். மாதச் சந்தாவை அந்த மாதத்துக்கு எடுக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பிள்ளைகளை வாழப்பாடியில் உள்ள நாத்தனார் வீட்டுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. அங்கே அவர்கள் வயதில் இரண்டு பேர் இருக்கிறார்கள், விளையாடப் பலகைதான் இல்லை. எங்களுடையதைப் பேருந்தில் கொண்டுபோகவும் முடியாது. சின்னதாக ஒன்று வாங்கித் தரலாமா என்று கணவரிடம் கேட்டிருக்கிறேன். முழு அளவில் வாங்கினால்தான் ஆட்டம் ஆட்டமாக இருக்கும் என்று அவரும், வாசற்படியில் வைத்து ஆடச் சின்னதே போதும் என்று அத்தையும் சொல்கிறார்கள். முடிவு இன்னும் ஆகவில்லை.